திரும்பாமல் பதில் சொல்லப் பழகிய ஏலப்பாறைப் பயணம்

விமானி வேலை நேர்காணலுக்குத் தயாராகும் இரண்டு பேர், சிமுலேட்டர் சோதனைக்கு நான் எப்படிப் பயிற்சி எடுத்தேன் என்று கேட்டிருந்தார்கள். உண்மையைச் சொன்னால், ஒரு பஸ் பயணம் போனேன். எழுபதுகளின் நடுவில், ஓர் ஆடி மாதம். முதல் முறை தோற்றிருந்தேன். காரணம் சொல்லாமல் ஒரு வரிக் கடிதம் வந்தது. அந்த விமானக் கம்பெனியில் இரண்டு வாய்ப்புதான் கொடுப்பார்கள். இரண்டாவதற்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. நேர்காணல் கேள்விகள் எனக்குத் தலைகீழ்ப் பாடம். சிமுலேட்டரில், அதாவது தரையில் நிற்கும் போலி விமான அறையில், உட்கார்ந்தால்தான் எல்லாம் கோணல்.

தேயிலை மலையான ஏலப்பாறையில் என் நண்பன் முருகேசன் இருந்தான். மதராஸில் என்னோடு விமானம் ஓட்டக் கற்றவன், என்னைவிட நன்றாக ஓட்டியவன். கண் பரிசோதனையில் தேறாமல், அப்பா வேலை பார்த்த தேயிலைத் தொழிற்சாலையிலேயே சேர்ந்துவிட்டான். அவனிடம் போய் இதற்கு உதவி கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. வேறு வழியில்லை.

பொள்ளாச்சிக்கு மேற்கே இருக்கிற எங்கள் சித்தூரில் காலை 5.10க்கு பஸ். பொள்ளாச்சி 6.15, பழனி 8.30. பழனியில் இட்லி சாப்பிட்டுவிடுங்கள், பிறகு தேனி வரை நல்லதாக ஒன்றும் கிடைக்காது. தேனி பன்னிரண்டரை, குமுளி மூன்று, குட்டிக்கானம் நாலே முக்கால். ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். கோட்டயம் வழியும் உண்டு, எனக்குப் பழகியது இது.

குட்டிக்கானத்தில் முருகேசன் எஸ்டேட் ஜீப்போடு நின்றான். ஏலப்பாறைக்கு இன்னும் பதினான்கு கிலோமீட்டர், வழியெல்லாம் மூடுபனி, ஒரு பக்கம் பள்ளம். விருந்தாளி என்று என்னை முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏற்றிவிட்டு அவன் பின்னால் உட்கார்ந்தான்.

"ஏனுங்கண்ணா, போய்ச் சேர எவ்வளவு நேரமாகுமுங்க?" என்று டிரைவரைக் கேட்டேன்.

அரை மணி என்றார். தலை இம்மியும் அசையவில்லை. எங்கள் பக்கம் யார் கேட்டாலும் முகம் பார்த்துத்தான் பதில் சொல்வோம், பெரியவர் என்றால் எழுந்தும் நிற்போம். எனக்குச் சுருக்கென்றது. பின்னால் திரும்பி, இவருக்கு ரொம்பத்தான் மிதப்பு என்று முருகேசனிடம் முணுமுணுத்தேன். அது டிரைவர் காதிலும் விழுந்துவிட்டது.

"ஒங்களத் திரும்பிப் பாத்தா மரியாதைதான் தம்பி. வண்டி கீழ கெடக்கும்லா" என்றார், அப்போதும் சாலையைப் பார்த்தபடி.

நான் அசடு வழிந்தேன். முருகேசன் சிரிக்கவில்லை. சோதனையில் கேள்வி கேட்கிறவர் எங்கே உட்காருவார் என்று பின்னாலிருந்து கேட்டான். பின்னாலேதான் என்று, முழுசாகத் திரும்பிச் சொன்னேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தொழிற்சாலை மாடியில், வாட்டப் போட்டிருந்த தேயிலைக்கு நடுவே, ஒரு நாற்காலி. எதிரே கருவிகள் வரைந்த அட்டை, கையில் விமானத்தின் ஸ்டீயரிங்குக்குப் பதிலாக ஒரு சல்லடை வளையம். முருகேசன் பின்னால் நின்று அதிகாரிக் குரலில் பதினோரு கேள்வி கேட்டான். பதினோரு முறையும் திரும்பினேன். போதாதென்று பாதி எழுந்தேன், வளையமும் கூடவே வந்தது. நிஜத்தில் அப்படி இழுத்தால் விமானத்தின் மூக்கு மேலே போய்விடும். போன முறை இதைத்தான் செய்துவிட்டு, மெஷினில் கோளாறு இருக்கிறது சார் என்று சோதனை அதிகாரியிடமே சொல்லியிருந்தேன். அதை நினைத்தபோது காது சுட்டது.

மூன்று நாள் அதே வேலை. அவன் பின்னால் நின்று பேசுவான், திட்டுவான், தும்முவான். மூன்றாம் நாள் மாலை நான் திரும்பவே இல்லை. நாலாம் நாள் காலை குட்டிக்கானத்தில் பஸ் ஏற்றிவிட்டான்.

சோதனையில் பின்னாலிருந்து நாலு கேள்வி வந்தது. நாலுக்கும் கருவிகளைப் பார்த்தே பதில் சொன்னேன். வேலை கிடைத்தது.

இப்போது தயாராகிறவர்களுக்கு: கேள்வி பதிலை மட்டும் படித்துக்கொண்டிருக்காதீர்கள். கை ஏதாவது வேலையில் இருக்கும்போது பின்னாலிருந்து ஒருவரைப் பேசச் சொல்லி, உங்கள் உடம்பு என்ன செய்கிறது என்று அவரையே கவனிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு அது தெரியாது. ஏலப்பாறைக்கு ஆடியில் போனால் ஸ்வெட்டர் அவசியம்.

வேலை கிடைத்ததை முருகேசனுக்கு எழுதினேன். பதில் கார்டில் இப்படி இருந்தது: "பஸ் ஏறையில பின்னால இருந்து ஒன்னக் கூப்பிட்டேன். நீ திரும்பாமலே 'வரேன்டா'ன்னு சொல்லிட்டு ஏறிட்ட. ஒனக்குக் கெடச்சிரும்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. நீ திரும்பாததும் நல்லதாப் போச்சு. நான் அழுதுக்கிட்டு நின்னேன்."