கண்ணையனிடம் கொடுத்து வைத்த காகிதம்

செவ்வந்தியம்மாவுக்குச் சுரங்கக் கேன்டீனில் வேலை கிடைத்தது அவருடைய கணவர் இறந்ததால்தான். நெய்வேலியில் இதை யாரும் சுற்றி வளைத்துச் சொல்வதில்லை. "அவங்க வூட்டுக்காரரோட வேலைல இருக்காங்க" என்பார்கள், அவ்வளவுதான். கணவர் சாமிக்கண்ணு சுரங்கத்தில் பெர்மனென்ட். மஞ்சள் காமாலை முற்றி, பணியில் இருக்கும்போதே போய்விட்டார். அப்போது செவ்வந்தியம்மாவுக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை. மகன் சிலம்பரசன் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தான்.

கருமாதி முடிந்த கையோடு கணவரின் உடன்பிறந்தவர்கள் பக்கத்து ஊரான வடக்குத்தில் இருந்த வீட்டுக்கு வந்தார்கள். பொம்பளைக்கு எதற்கு ஷிஃப்ட் வேலை, கடைசித் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிடு, உனக்கும் பிள்ளைக்கும் அவன் சோறு போடுவான் என்றார்கள். கையெழுத்துக்கு ஆயத்தமாகத்தான் வந்திருந்தார்கள். செவ்வந்தியம்மா குனிந்த தலை நிமிரவில்லை. அவருடைய தம்பி கண்ணையன் அப்போது மீசை முளைக்காத பையன். அவன்தான் வாசலை மறித்து நின்று, "எங்கக்கா கையெழுத்து போட மாட்டா. மச்சான் வேல அவளுக்குத்தான்" என்றானாம். அவர்கள் அடித்தார்கள். அடி வாங்கிக்கொண்டும் நகரவில்லை.

இந்தக் கதையைச் செவ்வந்தியம்மா எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு மாடி, அவர் வீடு கீழே. எங்கள் அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். எங்களுக்கு இங்கே சொந்தக்காரர்கள் கிடையாது. அம்மா ஊருக்குப் போனால் நான் சாப்பிடுவது செவ்வந்தியம்மா வீட்டில்தான்.

கேன்டீனில் அவர் வாய்க்குப் பயப்படாத ஆளில்லை. "யக்கா, இட்லி கல்லு மாரி இருக்குது" என்று ஒருவர் சொன்னால், "பல்லு கெட்டியா இருக்குதான்னு பாத்தேன், நகரு" என்பார். அப்படிப்பட்டவர் பேச்சியம்மாள் இறந்த பிறகு கொஞ்ச நாள் பேச்சே இல்லாமல் இருந்தார். பேச்சியம்மாள் அவரோடு அதே கேன்டீனில் வேலை பார்த்த தென்காசிக்காரர். மூளைக்குள் ரத்தம் கசிந்து, இனி நினைவு திரும்பாது என்று மருத்துவர்கள் சொன்ன பிறகும், வெளியூர் மருத்துவமனை ஒன்றில் மூச்சுக் கருவியோடு வாரக்கணக்கில் கிடந்தார். குழாயைத் தட்டிவிடாமலிருக்க இரண்டு கைகளையும் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். பார்த்துவிட்டு வந்த செவ்வந்தியம்மா என் அம்மாவிடம், "திருடியக் கட்டிப் போட்ட மாரி இருந்துச்சு" என்றார்.

2018ஆம் வருடம், நான் கல்லூரி முடித்து வீட்டில் இருந்தேன். மீள வழியில்லாத நிலையில் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கேன்டீன் தொலைக்காட்சியில் செய்தியைக் கேட்ட அன்று மாலையே செவ்வந்தியம்மா மாடியேறி வந்தார்.

"கண்ணு, இங்கிலீஷ்ல போட்டிருப்பாங்களாமே. படிச்சு சொல்லு. வெட்டாம சொல்லு."

படித்துச் சொன்னேன். சுலபமான ஏற்பாடு இல்லை. இரண்டு சாட்சிகள் வேண்டும், நீதிமன்ற நடுவர் முன்னால் கையெழுத்திட வேண்டும், நமக்கு நினைவில்லாதபோது நம் சார்பில் பேச ஒருவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். "சிலம்பரசன் பேர் போடவா?" என்று கேட்டேன்.

"அவன் புள்ள. தாயி மூக்குல இருக்கறத எடுன்னு சொல்ல அவனுக்கு வாய் வராது. கண்ணையன் பேர் போடு. அவன் நின்னா நிப்பான்."

ஆங்கிலத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக எழுதினேன். ஒவ்வொரு வரியையும் திரும்பப் படிக்கச் சொன்னார். ஓரிடத்தில் நிறுத்தினார். "பொழைக்க வழி இருந்தா எல்லாம் செய்யணும். ஊசி, மெஷினு, எல்லாம். வழி இல்லன்னு டாக்டருங்களே சொன்னப்பறந்தான் இது. அத மொத வரில போடு. நான் ஒண்ணும் சாவுறதுக்கு அவசரப்படல." அதை முதல் வரியில் போட்டேன்.

சாட்சிகள் என் அப்பாவும் கேன்டீனில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற தெய்வசிகாமணியும். நீதிமன்றத்தில் கையெழுத்துப் போடும்போது தெய்வசிகாமணி சிரித்தார். "லீவு வேணும்னா முன்கூட்டியே எழுதிக் குடுன்னு தொண்ட கிழிய சொன்னேன். இப்பத்தான் கேக்குற."

"நீங்க எந்த லீவக் குடுத்தீங்க சார், இதக் குடுக்கறதுக்கு?"

கண்ணையனும் வந்திருந்தார். வடக்குத்தில் இரு சக்கர வண்டிப் பட்டறை வைத்திருக்கிறார். விரலில் கிரீஸ் ஒட்டிவிடும் என்று வேட்டியில் துடைத்துத் துடைத்துக் கையெழுத்திட்டார். நடுவர், "அக்கா எழுதியிருப்பது புரிகிறதா?" என்று கேட்டதற்கு, "புரியுதுங்க. அக்கா சொன்னா சொன்னதுதாங்க" என்றார். காகிதத்தை அவரிடமே கொடுத்து வைத்தார் செவ்வந்தியம்மா.

சிலம்பரசனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. மீசை அரும்பிய வயதில் சேர்ந்தவர். தலை நரைக்கத் தொடங்கியும் கான்ட்ராக்ட்தான். அதே மண்ணில், அதே வெயிலில், அதே வேலை செய்யும் பெர்மனென்ட் ஆளுக்குக் குவார்ட்டர்ஸ், மருத்துவம், மரியாதை எல்லாம் உண்டு. பெண் பார்க்கப் போன இடத்தில் முதல் கேள்வியே "பெர்மனென்டா?" என்பதுதான். செவ்வந்தியம்மா ஓய்வு பெற்றுவிட்டால் அந்தக் குடும்பத்தில் பெர்மனென்ட் என்று யாரும் இருக்க மாட்டார்கள். பணியில் இருக்கும்போது இறந்தால் வாரிசுக்கு வேலை என்பது இன்னும் நடக்கிறதா, யாருக்குக் கிடைக்கிறது என்பதில் இங்கே ஆளுக்கொரு பேச்சு. ஆனால் அந்தப் பேச்சு இல்லாத டீக்கடை கிடையாது.

செவ்வந்தியம்மா ஓய்வு பெறவேண்டியது தைப் பொங்கல் கழித்து. அதற்கு முந்தின கார்த்திகை மழையில் காய்ச்சல் வந்தது. கேன்டீனுக்குப் போய்க்கொண்டே இருந்தார். ஒரு நாள் காலை மேலே ஏற முடியாமல் எங்கள் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது என்று புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மூச்சுக் கருவி வைத்தார்கள். நாங்கள் பயந்துதான் போனோம். ஆனால் நோய் வந்த வேகத்தில் இறங்கியது. குழாயை எடுத்துப் பொது வார்டுக்கு மாற்றிய பிறகு நானும் அம்மாவும் பார்க்கப் போனோம். துணைக்கு இருந்த சிலம்பரசனின் மனைவி குளிக்கப் போயிருந்தார். அந்த நேரத்தில் மருத்துவர் வந்தார். இளம்பெண். செவ்வந்தியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அன்பாகத்தான் பேசினார்.

"நீங்க எழுதி வெச்சிருந்ததப் படிச்சேம்மா. ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க. எத்தனையோ படிச்சவங்களே இப்படி எழுத மாட்டாங்க."

செவ்வந்தியம்மாவுக்குத் தொண்டை இன்னும் ஆறவில்லை. கிசுகிசுத்த குரலில், "எத?" என்றார்.

"மெஷின் வேணாம்னு எழுதினீங்களே, அது. சேர்த்த மறுநாளே உங்க பையனும் தம்பியும் கொண்டுவந்து காட்டினாங்க. எடுத்துடுங்கன்னாங்க. நான்தான் மொதல் வரியப் படிச்சுக் காட்டி, இது அந்த நிலைமை இல்லீங்க, அம்மா வீட்டுக்கு நடந்தே போவாங்கன்னு சொன்னேன். சொந்தக்காரங்க பதறத்தான் செய்வாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

மருத்துவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். செவ்வந்தியம்மா என்னைப் பார்த்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார். மருமகள் வந்து கஞ்சி கொடுத்தபோது மறுக்காமல் குடித்தார்.

வீட்டுக்கு வந்து சில நாள் கழித்துத்தான் அதைப் பற்றிக் கேட்டார். அம்மா கொடுத்த ரசத்தோடு நான் கீழே போயிருந்தேன். கண்ணையன் இளநீர் கொண்டுவந்திருந்தார். நான் கிளம்பப் பார்த்தேன். "நீ ஒக்காரு. எழுதுனவ நீதான" என்றார் செவ்வந்தியம்மா. தம்பி பக்கம் திரும்பினார்.

"காயிதம் எங்கடா?"

"எந்தக் காயிதம்க்கா?"

"உங்கிட்ட எத்தினி காயிதம் குடுத்து வெச்சேன்?"

"பீரோல இருக்குது."

"பாண்டிச்சேரி போயிட்டு வந்துச்சா?"

கண்ணையன் இளநீரைத் தரையில் வைத்தார். அது உருண்டது. மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உன்ன அந்தக் கோலத்துல பாக்க முடியலக்கா. கையக் கட்டி வெச்சிருந்தாங்க. பேச்சியக்கா மாரி கெடக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன?"

"டாக்டரு என்னா சொன்னாங்க?"

"அவங்க ஆயிரம் சொல்லுவாங்க."

"என்னா சொன்னாங்கடா?"

"பொழச்சுக்குவாங்கன்னாங்க."

"அவங்க சொன்னப்பறம் எடுக்கச் சொன்னியா, சொல்றதுக்கு முன்னாடியா?"

கண்ணையன் மடியிலிருந்த இளநீரைத் திருப்பித் திருப்பிப் பிடித்தார். நான் தரையில் கோலம்போல ஓடிய விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யக்கா," என்றார் கடைசியில். "பொங்கல் தாண்டுனா நீ ரிடையர். அப்பறம் அந்தப் பேச்சுக்கே எடம் இல்ல. சிலம்பு வந்து பட்டறையில ஒக்காந்து அழுதான். ரெண்டு புள்ளைங்கள வெச்சிகினு எத்தினி நாளு மாமா கான்ட்ராக்ட்டுல சாவறதுன்னான். எப்டியும் போவப்போற உசுருன்னான். நான் யாருக்குன்னு பாக்கறது? மச்சான் போனதுலதான உனக்கும் வேல வந்துச்சு? அத நெனச்சிகினேன்."

செவ்வந்தியம்மா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கேன்டீனில் கத்துகிறவர்தானே. அவர் கத்தவில்லை.

"அவரு செத்தாரு கண்ணையா. யாரும் சாவடிக்கல."

கண்ணையன் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் அழுகை பொய்யில்லை. செவ்வந்தியம்மா எழுந்து ரசத்தை அடுப்படியில் வைத்துவிட்டு வந்து, "இருட்டறதுக்குள்ள கெளம்பு. வண்டில லைட்டு சரியில்லன்ன" என்றார்.

சிலம்பரசன் அழவில்லை. மறுநாள் வாசலில் நின்றபடி பேசியது மாடிக்கே கேட்டது. "கேட்டேன். முடியாதுன்னாங்க, வுட்டுட்டேன். அதுக்கு மேல நான் என்னா பண்ணிட்டேன்? நீ எழுதுனதத்தான காட்டுனேன்? நானா எழுதுனேன்?" உள்ளிருந்து "சாப்ட்டியா?" என்ற குரல் மட்டும் கேட்டது. சிலம்பரசன் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

தை மாதக் கடைசியில் பணி நிறைவு விழா. சால்வை போர்த்தினார்கள். கேன்டீனில் எல்லோரும் அவருடைய வாயைப் பற்றியே பேசிச் சிரித்தார்கள். முதல் வரிசையில் சிலம்பரசனும் கண்ணையனும் உட்கார்ந்து கைதட்டினார்கள். போட்டோவில் மூன்று பேரும் சேர்ந்துதான் இருக்கிறார்கள்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்கு முன்னால் ஒரு பகல், மாடியேறி வந்தார். முன்பு எழுதியதை ரத்து செய்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும் என்றார். ரத்துக் கடிதத்தை எழுதினேன். புதியதில் பழைய வரிகளையே போட்டேன். அவர் சார்பில் பேசுகிறவர் பெயர் எழுதவேண்டிய இடம் வந்ததும் பேனாவை நிறுத்தினேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பெயர்களைச் சொன்னார், எனக்காக இல்லை, தனக்காக. மருமகள். தெய்வசிகாமணி சார், ஆனால் அவருக்கே வயதாகிவிட்டது. கொழுந்தன்மார். ஒவ்வொரு பெயருக்கும் தலையை ஆட்டி விலக்கினார்.

"ரத்து பண்ணது போதும் கண்ணு. புதுசு வேணாம்."

"அப்போ நிலைமை மோசமானா—"

"ஆவட்டும்."

வடக்குத்தில் சிலம்பரசன் வீட்டுக்கே குடிபோனார். வேறு எங்கே போவது? பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் விட்டார், கண்ணையன் வீட்டுக்கும் போய்வந்துகொண்டிருந்தார். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

அந்த வருடம் ஆடி மாதம் பேருந்து நிலையத்தில் அவரைத் தனியாகப் பார்த்தேன். முக்காடு போட்டிருந்தார். கையைத் தொட்டால் சுட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றார். சிலம்பரசனுக்குத் தெரியுமா என்றேன்.

"சந்தைக்கின்னு சொல்லிட்டு வந்தேன். காச்சல்னு சொன்னா கூட வருவாங்க."

அவரைத் தனியே விட மனம் வராமல் கூடப் போனேன். பதிவு செய்யும் இடத்தில் இருந்த பெண், "கூட வந்திருக்கவங்க நம்பர் சொல்லுங்க, அவசரம்னா கூப்பிட" என்றார். நான் என் எண்ணைச் சொல்ல வாயெடுத்தேன். செவ்வந்தியம்மா என் கையை மெல்ல அழுத்தினார்.

"நீ நல்ல புள்ள" என்றார். "கண்ணையனும் நல்லவந்தான்."

பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பி, தன்னுடைய கைப்பேசி எண்ணையே சொன்னார்.