கார் பழசு, கூடு புதுசு

பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடை வைத்திருக்கிறேன். கிள்ளானிலிருந்து வரும்போது நெடுஞ்சாலையில் என் பழைய கார் திணறியது; எவ்வளவு மிதித்தும் வேகம் ஏறவில்லை. பின்னால் வந்த லோரி மோதாமல் தப்பியதே பெரிது.

பட்டறைக்காரர் பிளக்கை மாற்றினார், பிறகு பெட்ரோல் பம்பை மாற்றினார். திணறல் நிற்கவில்லை.

"பழைய காரு அக்கா, வித்துடுங்க லா."

"ஏர் ஃபில்டர் பாத்தீங்களா?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கும்" என்றார், திறக்காமலேயே!

எரிச்சலில் நானே மூடியைக் கழற்றினேன். காற்று போகும் வழியை அடைத்துக்கொண்டு எலிக்கூடு. பூத்தொடுக்க வீட்டில் கார் பக்கத்தில் போட்டிருந்த வாழைநாரை எலி இழுத்துப்போய்க் கட்டியிருக்கிறது. கூட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"கார்தான் பழசு அண்ணே, இந்தக் கூடு புதுசு!"

கூட்டை எடுத்ததும் திணறல் நின்றது. இப்போது வாழைநாரைக் கார் பக்கமே வைப்பதில்லை. ஏர் ஃபில்டரை என் கண்முன் திறந்து காட்டாத எந்தப் பட்டறைக்காரர் கையிலும் சாவியைக் கொடுப்பதுமில்லை.