சரணம் இல்லாத பாட்டு

பாடம் முடிந்து வாத்தியார் வீட்டிலிருந்து தென்காசிக்குத் திரும்பிய கொஞ்ச காலத்திலேயே என் பாட்டுகள் எனக்குப் புளித்துவிட்டன. நாயனத்தை வாயில் வைத்தால் விரல் தானாக ஓடும்; மனசு வேறெங்கோ அலையும். எனக்கு மட்டும் புளித்தால் பரவாயில்லை, கேட்கிறவர்களுக்கும் புளித்துவிட்டது. ஆய்க்குடியில் ஒரு பண்ணையார். ஆவணியில் மூத்த மகளுக்குக் கல்யாணம். மேளம் பேச வரச் சொன்னவர், வெற்றிலையைக் கையில் கொடுக்குமுன் நிறுத்திச் சொன்னார்:

"என்னவே, எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் நீரு வாசிச்சதையேதான் வாசிக்கீரு. இந்த மட்டம் முகூர்த்தத்துக்குப் புதுசா ஒண்ணு வாசியும். இல்லன்னா செங்கோட்டை மேளத்தைக் கூப்பிட்டுக்கிடுதேன்."

சரி என்று வெற்றிலையை வாங்கிவிட்டேன். வாசிக்கப் பாட்டு வேண்டாமா? மற்ற மேளக்காரர்களிடம் கேட்டால் சொல்லித் தருவார்களா? நானே தர மாட்டேன். வாத்தியாரிடம் போனால், சொல்லிக்கொடுத்ததை முதலில் ஒழுங்காக வாசி என்று விரட்டுவார்.

ஆடி மாதம் எங்களுக்குப் பிழைப்புக் கிடையாது, கல்யாணமே நடக்காதே. அதே ஆடியில்தான் குற்றாலத்தில் சாரலும் கூட்டமும். அருவிக்குப் போகிற வழியில் ஒரு பங்களாவை மதுரைக்காரர் ஒருவர் சீசனுக்கு வாடகைக்குப் பிடித்திருந்தார். அவரிடம் கிராமபோன் இருந்தது. குளித்துவிட்டு வரும்போது உள்ளேயிருந்து ஒரு பாட்டு. கல்யாணி ராகம். அதுவரை நான் கேட்டிராத பாட்டு. ஈரத் துண்டோடு மதிலோரம் நின்றுவிட்டேன்.

மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும். கேட்டதை மனசில் பிடித்துக்கொண்டு தென்காசி வரை முணுமுணுத்தபடியே நடக்க வேண்டும், எவனாவது எதிரில் வந்து "என்ன, குளியல் ஆச்சா?" என்று கேட்டால் போச்சு, பாதிப் பாட்டைக் காணோம். தெரிந்தவர்களைக் கண்டால் வயலில் இறங்கி நடந்தேன். எனக்குத் தலைக்கனம் பிடித்துவிட்டதாக ஊரில் பேச்சு. பேசட்டும்!

ஒருவழியாகப் பல்லவியும் அனுபல்லவியும் விரலுக்கு வந்தன. மிச்சம் சரணம். அது பிளேட்டின் மறுபக்கம் இருந்தது. மறுபக்கத்தை அந்த மனுஷர் போடவே இல்லை. பொறுக்க முடியாமல், வெளியே வந்த சமையல்காரரைப் பிடித்துக் கேட்டேன்.

"அந்தப் பக்கம் கீறல் விழுந்துருச்சுங்க. ஊசி ஒரே இடத்துல நின்னு கத்தும். ஐயாவுக்கு ஆகாது" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சோற்றைப் போட்டுவிட்டுக் குழம்பு இல்லை என்றால் எப்படி இருக்கும்?

தவுல் வாசிக்கிற என் மச்சான்தான் வழி சொன்னான். "எதுக்கு இப்படித் தவிக்கே? தாலி கட்டுத நேரம் பாத்து அனுபல்லவியை முடி. கெட்டிமேளம்னு சத்தம் வந்தா எந்தப் பாட்டையும் விட்டுட்டு முழக்கத்தானே செய்யுதோம்? சரணம் எங்கலேன்னு எவன் கேப்பான்?"

கல்யாணத்தன்று, சபையில் தொட்டு ஆசீர்வாதம் வாங்கத் தாலித் தட்டு கிளம்பியதும் பல்லவியை எடுத்தேன். பண்ணையார் நிமிர்ந்து பார்த்தார். அனுபல்லவியும் முடிந்தது. தட்டோ பெண்கள் கூட்டத்துக்குள் போய் எங்கேயோ நின்றுவிட்டது. அனுபல்லவியைத் திரும்ப வாசித்தேன். மறுபடியும் வாசித்தேன். தட்டைக் காணோம். மச்சான் என்னைப் பார்த்து முழிக்கிறான். கெட்டிமேளம் சொல்லித் தொலையுங்களேன் என்று உள்ளுக்குள் கத்தினேன்.

பழைய கல்யாணிப் பாட்டு எதிலிருந்தாவது ஒட்டிவிடலாம் என்று மூச்சை இழுத்து ஊதினேன். வந்தது பழையது இல்லை. எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. ஓர் இடத்தில் விரல் வைத்தால் அடுத்த இடம் எனக்காகக் காத்திருந்தது. மச்சானும் முழிப்பதை விட்டுச் சிரித்துக்கொண்டே கூட வந்தான். அத்தனை மாதமாக என்னை ஓரிடத்தில் உட்காரவிடாத அரிப்பு அப்போதுதான் அடங்கியது. என்ன சந்தோஷம் அது!

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

ஐயர் கையை ஆட்டுகிறார். பாவி மனுஷா, இப்போதுதானா? நான் நிறுத்தவில்லை. மச்சான் முழங்கையால் ஓர் இடி இடித்துவிட்டுத் தவுலை முழக்க ஆரம்பித்த பிறகுதான் விட்டேன். தாலி ஏறியது.

பந்தி நடக்கும்போதே பந்தலுக்குப் பின்னால் போய் மெல்ல ஊதிப் பார்த்தேன். பல்லவி வந்தது. அனுபல்லவி வந்தது. அதற்கப்புறம் விரல் நின்றுவிட்டது. எத்தனை தடவை எடுத்தாலும் அதே இடத்தில் நின்றது.

அங்கேயே தேடிக்கொண்டு வந்துவிட்டார் பண்ணையார். முகமெல்லாம் சிரிப்பு.

"இதுல்லாவே பாட்டு! அதும் அந்தச் சரணம் இருக்கே, அடடா! தை மாசம் சின்னவளுக்குக் கல்யாணம். நீருதான் வாறீரு. இதே பாட்டைத்தான் வாசிக்கணும், கேட்டீரா?"

மச்சான் என் முகத்தைப் பார்த்தான். நான் தலையை ஆட்டிவைத்தேன். அடுத்தவன் பாட்டென்றால் எங்கேயாவது ஒளிந்து நின்றாவது பிடித்துக்கொண்டு வந்துவிடலாம். நான் வாசித்ததை யாரிடம் போய்க் கேட்பேன்?