மிஸஸ் ஆப்பிள்யார்டின் ஐந்து மணித் தேநீர்

டோரின் ஆப்பிள்யார்ட் இங்கிலாந்தின் யார்க் நகரத்திலேயே பிறந்தவள். அறுபத்தெட்டு வயதாகியும் நகரத்தின் பழைய மதில்மேல் ஒரு சுற்று முழுதாக நடந்ததில்லை. எங்கள் தெருவில் காலைச் சாப்பாட்டோடு அறை வாடகைக்கு விடுகிற வீடு அவளுடையது. அவள் பொரிக்கும் முட்டை சுமார்தான். ஆனால் ஜூலையில் இரண்டு வாரம் அவள் வேறு ஆளாகிவிடுவாள்.

காரணம் ஹென்னிங். டென்மார்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பதினொரு வருடமாக அதே அறைக்கு வருகிறார். பகலெல்லாம் ஊர் சுற்றிவிட்டு, ஐந்து மணிக்கு அவள் தோட்டத்தில் தேநீரோடு உட்கார்ந்து அன்று பார்த்ததைச் சொல்வார். பெரிய தேவாலயத்தின் கல் மாலை வெயிலில் தேன் நிறமாவது, ஆற்றங்கரை வாத்துகள் யார் கையிலிருந்து ரொட்டியைப் பிடுங்கின என்பது. பிறந்த ஊரை அவள் அவர் பேச்சில்தான் பார்த்தாள்.

இந்த வருடம் பக்கத்து வீட்டு ரோஸலிண்ட், பயணிகளுக்கு ஊரைச் சுற்றிக்காட்டும் தொண்டர்களோடு சேர்ந்திருந்தாள். ஹென்னிங் வந்த மறுநாளே வேலிக்கு மேல் தலை நீட்டினாள்.

"டோரின், உன் விருந்தாளியை மதில் பக்கம் கூட்டிட்டுப் போகட்டுமா? உனக்கு ஆட்சேபணை இல்லையே?"

"எனக்கென்ன? தாராளமா."

எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு வேறு பதில் சொல்லி நான் கேட்டதில்லை. கேட்பவர்களுக்கும் அது தெரியும்.

அன்று ஹென்னிங் ஆறரைக்கு வந்து, மதிலைப் பற்றி ரோஸலிண்ட் சொன்ன வரலாற்று வருடங்களை ஒப்பித்தார். தேநீர் ஆறிப்போயிருந்தது. அடுத்த நாள் தேநீருக்கு வரவேயில்லை. வேலிக்கு அப்பால், "ஹென்னிங், இன்னும் கொஞ்சம் கிரீம்?" என்று ரோஸலிண்டின் குரல் கேட்டது. பதினொரு வருடத்தில் டோரின் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

நேராக என் சமையலறைக்கு வந்தாள்.

"ஸ்பெயின் ஸ்ட்ராபெரி வெச்சிருக்கா. நம்ம ஊர்ப் பழமே பழுத்துக் கிடக்கிற ஜூலையில போய் ஸ்பெயின் பழம்! அந்த மனுஷனுக்கு நாக்கு செத்துப்போச்சா?"

"உனக்குப் பொறாமை."

"எனக்கா? அவகிட்ட என்ன இருக்கு? ஆறு தொப்பி இருக்கு." பிறகு தணிந்த குரலில், "அவ வீட்டு மாடியில அறை ஒண்ணு காலியா இருக்குன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கா" என்றாள்.

பொறாமையைச் சின்ன குணம் என்று எழுதிவைத்தவர்களை நிறையப் படித்திருக்கிறேன். இழக்க ஏதாவது இருக்கிறவருக்குத்தான் அது வரும் என்பதை அவர்கள் போதுமான அளவு யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை, ஹென்னிங் பக்கத்தில் நிற்க, ரோஸலிண்ட் வாசலில் வந்து கேட்டாள். "அடுத்த வருஷம் ஹென்னிங் எங்க வீட்டுல தங்கலாமேன்னு நினைச்சேன். உனக்கு ஆட்சேபணை இல்லையே?"

"இருக்கு" என்றாள் டோரின்.

ரோஸலிண்ட் கழுத்துவரை சிவந்து, வானத்தைப் பார்த்து, "மழை வரும்போல" என்றாள். ஒரு மேகம்கூட இல்லை.

ஹென்னிங்தான் பேசினார். "முதல் நாளே சொல்லியிருக்கலாமே, மிஸஸ் ஆப்பிள்யார்ட். எங்க ஊர்ல சொல்லிடுவோம்."

"அங்க சொல்வீங்க" என்றாள் எரிச்சலோடு. "அஞ்சு மணிக்கு வருவீங்களா, மாட்டீங்களா?"

வந்தார். அவள் வீட்டுக்கு மறுபக்கம், என் தோட்டத்தில் நான் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பழக்க தோஷத்தில், மதிலின் வடக்கு வாசல் கட்டப்பட்டது எப்போது என்று தொடங்கினார். அவள் கையை உயர்த்தினாள்.

"வருஷமெல்லாம் வேண்டாம். என்ன பார்த்தீங்க?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "மதில் பக்கத்துப் புல்வெளியில ஒரு குண்டு ஆளு சட்டை இல்லாம குப்புறப் படுத்துத் தூங்கினார். முதுகு இறால் மாதிரி சிவந்துபோச்சு. யாரோ அவர் மேல செய்தித்தாளை விரிச்சு மூடிட்டுப் போனாங்க."

"எந்தப் பக்கத்துல?" என்று டோரின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.