பதினாறு டிகிரி ரவுனி

ரவுனி என் தம்பி பெண்டாட்டி. பின்லாந்தின் வடக்கே கைனூவில், எங்கள் ஊர் நகராட்சிக்குப் பனி ஒதுக்கும் வண்டி ஓட்டுகிறாள். வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஓட வந்தாள். இரண்டு மாதம்கூடத் தாங்கமாட்டாள் என்று நான்தான் ஊரெல்லாம் சொன்னேன். அவளோ வந்தாள், ஓடினாள், என் சாதனையின் மேலேயே கண் வைத்தாள்.

ஐம்பதைக் கடந்த பெண்களுக்கான மூவாயிரம் மீட்டரில் எங்கள் தடகளச் சங்கத்தின் சாதனை என்னுடையது. உள்ளரங்கத்துக் காபி மேசைக்கு மேலே ஹில்க்கா என்று என் பெயர் தொங்குகிறது. முழங்கால் தேய்ந்து, கடைசிச் சுற்று மணி அடிக்கிறவளாக ஆன பிறகும் அது அங்கேயே இருந்தது. வருகிறவர் போகிறவரிடம் அதைக் காட்டாமல் நான் காபி குடித்ததில்லை. இப்போது ரவுனிக்கும் ஐம்பது முடிந்துவிட்டது. அவளுக்கு அதை இறக்கியாக வேண்டும், அதுவும் இந்தக் குளிர்காலத்திலேயே. வயது ஏறுகிறது, அடுத்த வருடம் கால் இதே வேகம் தரும் என்பதற்கு யார் பொறுப்பு?

அவளுக்கு ஆஸ்துமா வேறு. வெளியே கடுங்குளிரில் ஓடினால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அரங்கத்தில் சூடு அதிகமானால் காற்று வறண்டு, பத்தாவது சுற்றிலேயே தொண்டை காய்ந்துவிடும். பதினாறு டிகிரி இருந்தால் குதிரைதான்.

வேக ஓட்டக்காரர்களுக்குப் பதினாறு என்றாலே தசை கிழிந்த மாதிரி. தபால்காரன் யல்மாரியும் அவன் கூட்டமும் இருபத்திரண்டு கேட்பார்கள். கேட்பார்கள் என்றா சொன்னேன்? எங்கள் ஊரில் எவனும் வாய் திறந்து கேட்கமாட்டான். அடுத்தவனைத் தொந்தரவு செய்வது மரியாதை இல்லை. காபிக் கோப்பையோடு சுவரோரம் நடந்து, போகிற போக்கில் வெப்பக் குமிழை ஒரு திருப்புத் திருப்பிவிட்டு, கூரையைப் பார்த்துக்கொண்டே போய்விடுவான். அடுத்து வருகிறவன் மறுபக்கம் திருப்புவான். குமிழில் எண்களே தேய்ந்துபோய்விட்டன. அரங்கக் காவலர் ஆர்மாஸ் தினமும் அதைப் பதினெட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்துவார்.

"ரெண்டு பக்கமும் என்னைத் திட்டுறாங்க. அப்போ சரியாத்தான் வச்சிருக்கேன்" என்பார்.

பிப்ரவரிப் போட்டியன்று காலை நான் மணியோடு உள்ளே வந்தேன். என் மூச்சு புகையாக வெளியே வந்தது. எதிர்ச் சுவர் வெப்பமானியில் பத்து டிகிரி. ரவுனி மூலையில் குனிந்து உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். அவள் ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. இவ்வளவு பெரிய அரங்கம் சூடாக அரை நாள் ஆகும்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஹில்க்கா, நேத்து இந்தப் பக்கம் வந்தீங்களோ?" என்று ஆர்மாஸ் இழுத்தார்.

"வந்தேன், காபி குடிச்சேன், போனேன். என்ன, சாதனையைக் காப்பாத்த நான்தான் அரங்கத்தையே ஐஸ்பெட்டி ஆக்கினேன்னு சொல்ல வர்றீங்களா?"

உடம்பெல்லாம் எரிந்தது. அந்தக் குளிரிலும் எனக்கு வேர்த்தது. அப்போது யல்மாரி தொண்டையைச் செருமினான்.

"நான்தாங்க கொஞ்சம் குறைச்சேன். அவளுக்கு இன்னைக்கு முக்கியமான நாளாச்சே. நாம ரெண்டு கால்சட்டை போட்டுக்கலாம்னு நெனச்சேன்."

"நானும்தான்" என்றாள் ஒரு நீளத்தாண்டல்காரி. பின்னால் இன்னும் இரண்டு பேர். கடைசியில் ஆர்மாஸே தலையைச் சொறிந்தார். "நானும் நேத்து சாயங்காலம் ஒரு சுத்து..."

ஊமை ஊரைக் கெடுக்கும் என்பது இதுதான். இத்தனை நல்ல மனசுக்காரர்களில் ஒருவராவது வாயைத் திறந்து மற்றவரிடம் சொல்லியிருக்கலாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"நல்லா இருக்குடா உங்க தருமம்" என்றேன். "ஏய் ரவுனி, எழுந்திரு. சவுனா அறைக்குப் போ."

"ஓட்டத்துக்கு முன்னாடியா? கால் துவண்டுடும் அண்ணி."

"கீழ்ப்பலகையில உட்காரு, மேல ஏறாதே. ஈரக் காற்று நெஞ்சுக்குள்ள போகட்டும். பேர் கூப்பிடுற வரைக்கும் வெளியே தலையை நீட்டாதே."

ஓட்டம் முடிந்து நீராவிக் குளியல் போட, போட்டி நாளில் காலையிலேயே சவுனா அடுப்பை மூட்டிவிடுவது எங்கள் வழக்கம். நல்லவேளை, அதைச் செய்ய யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ரவுனி ஆவி பறக்க வெளியே வந்தாள். வாயையும் மூக்கையும் சுற்றிக் கம்பளித் துணி. நேராகக் கோட்டுக்குப் போய் நின்றாள்.

முதல் சுற்றுகளில் நிதானம். ஏழாவதில் கொஞ்சம் பின்தங்கினாள். பத்தாவதில் இருமல் வந்தது. அப்போதுதான் யல்மாரி கத்தினான். முப்பது வருடமாகத் தெரியும் அவனை, அவன் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அடுத்து நீளத்தாண்டல்காரி, அடுத்து ஆர்மாஸ். கோட்டும் தொப்பியுமாக அத்தனை பேரும் ஓடுபாதை ஓரம் நின்று தகரக் கூரை அதிரக் கத்தினார்கள். ரவுனி கம்பளித் துணியைப் பிய்த்து எறிந்தாள். நான் மணி அடிக்கும்போது கடிகாரத்தைப் பார்த்தேன். இழுபறி. அடித்த மணியை விடாமல் அடித்துக்கொண்டே நானும் கத்தினேன்: "ஓடுடி! உசுரைக் கொடுத்து ஓடு!" என்னுடைய சாதனையைத்தான் போட்டுத் தள்ளச் சொல்கிறேன் என்று தெரிந்தேதான் கத்தினேன். அவ்வளவு சந்தோஷம் நான் அதை வைத்தபோதுகூட எனக்கு இருந்ததில்லை.

கோட்டைத் தாண்டித் தரையில் விழுந்தாள்.

"எவ்வளவு அண்ணி?"

"ஒரு வினாடிகூட வித்தியாசம் இல்ல. ஆனா என்னைவிடக் குறைச்சல்தான்."

அவள் ஆஸ்துமா மருந்தை வாயில் வைத்து இழுத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உங்க பேரு போயிடுச்சே அண்ணி."

"போகட்டும். அதை வச்சு இன்னும் எத்தனை காபி குடிக்கிறது?"

மறுநாள் காலை மருத்துவமனைக்குப் போன் செய்தேன். தேவையில்லை, இந்தக் காலே போதும் என்று இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்ட முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கு நாள் கேட்டேன். எதற்கு இவ்வளவு அவசரம் என்று போனை எடுத்த பெண் கேட்டாள்.

"என் தம்பி பெண்டாட்டியைத் துரத்தணும்மா" என்றேன்.