இடப்பக்கம் பிடி வைத்த அடுப்பு

பரசுராமன் ஜெயித்தது என்று எடுத்துக்கொண்டால், முதலாவது கொதிக்கிற சாயத்தொட்டி. எட்டு வயதில் தடுக்கி விழுந்து அதற்குள் வலது கையை விட்டவன் தேற மாட்டான் என்று ஆஸ்பத்திரியிலேயே சொன்னார்கள். தேறினான். இரண்டாவது சைக்கிள். விரல்கள் உள்ளங்கைப் பக்கம் மடங்கி அப்படியே நின்றுபோன கையை ஹேண்டில்பாரின் மேல் சும்மா வைத்துக்கொண்டு, ஈரப் பட்டுநூல் மூட்டையைப் பின்னால் கட்டி, கருட சேவைக் கூட்டத்துக்குள்கூட யார் மேலும் இடிக்காமல் புகுந்து வருவான். மூன்றாவது பிரியாணிக் கடை மாஸ்டர். ஒற்றைக் கைக்காரனுக்கு மசாலா வேலை வராது என்று துரத்தியவர், அடுத்த பக்ரீத்துக்கு அவனைத்தான் ஆள் விட்டுத் தேடினார்.

நான்காவதாக அவன் ஜெயித்தது நெருப்பை. அதற்கு ஓர் அடுப்பு வேண்டியிருந்தது. அந்த அடுப்பு கிடைப்பதற்குள் அக்கா அங்கம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது பெரிய சமாசாரம்.

அங்கம்மாள் ஐந்தாவது வரை படித்தவள். பிள்ளையார்பாளையத்தில் வீட்டிலேயே உட்கார்ந்து தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுக்கிறாள். ஒரு முடிச்சு போட்டால் அதை இழுத்துப் பார்த்து, நகத்தால் தடவிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் அடுத்த முடிச்சுக்குப் போவாள். தம்பி விஷயத்திலும் அப்படித்தான். எழுதுகிற கை போன பிறகு அவன் பள்ளிக்கூடம் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கையெழுத்து கேட்கிற இடத்தில் இடது கட்டைவிரலை நீட்டுவான். பெயர் எழுதச் சொன்னால் அவள் எழுதுவாள்.

அவனைப் பற்றி இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். தெரியும் என்று அவனுக்குத்தான் தெரியாது. இத்தனை வருஷம் பிரியாணிக் கடையில் வேலை பார்த்தும் அவன் அடுப்புப் பக்கம் போனதே இல்லை. மசாலா தடவுவான், கறி வெட்டுவான், பரிமாறுவான். தம் போடுகிற நேரத்தில் மட்டும் வெங்காய மூட்டைக்குப் பின்னால் ஏதாவது வேலை வைத்துக்கொள்வான்.

அப்படிப்பட்டவனிடம்தான் ஏனாத்தூரில் டீக்கடை வைத்திருக்கும் ஜெபகுமார் வந்து சொன்னார்.

"பரசு, காலேஜ் பசங்க கிரில்லு கிரில்லுன்னு டவுனுக்கு ஓடுறானுங்கபா. என் கடையாண்ட எடம் கீது. வெள்ளிக்கெழம காலேஜ் தொறக்குது. அதுக்குள்ள அடுப்போட வா, எடம் உனுக்கு. ஆனா ஒண்ணு. பொக வுட்டு என் கஸ்டமருங்க கண்ணக் கசக்க வச்ச, அன்னிக்கே கெளப்பிடுவேன். பானிபூரிக்காரரு வேற தெனம் வந்து கேட்டுக்கினு இருக்காரு."

"வந்துடறேண்ணே" என்று பரசுராமன் சட்டென்று சொல்லிவிட்டான். ஜெபகுமாரின் வண்டி முனை திரும்பியதும்தான் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். முப்பத்தாறு வயதில் முதல் முறையாகச் சொந்தமாக நிற்க ஓர் இடம். நடுவில் இருந்தது நெருப்பு ஒன்றுதான்.

முதல் அடுப்பை அவனே செய்தான். பிள்ளையார்பாளையத்தில் சாயப்பொடி வருகிற இரும்பு டிரம்முக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் பிடிக்க, அரிசி கொட்ட, துளசி வைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். ஒரு டிரம்மை நெடுக்காகப் பிளந்து, புளி போட்டுத் தேய்த்து, மேலே கம்பி வலை வைத்து மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டான். பளபளவென்றுதான் இருந்தது. அந்த மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் கொஞ்ச நாளாகவே கரிக் கோடுகள் விழுந்துகொண்டிருந்தன. "கரி மூட்டைய செவுத்துல தேய்க்காதடான்னு எத்தினி வாட்டி சொல்றது" என்று அங்கம்மாள் அதைத் துடைத்துத் துடைத்து அலுத்துப் போயிருந்தாள்.

"மொத வாட்டி வெறும் அடுப்பா எரியட்டும்டா. எதையும் மேல வெக்காத" என்றாள்.

"எதுக்குக்கா? கரி வீணு. மீனு ஊறிக்கினு இருக்குது பாரு."

"ஊறட்டும். புதுப் பானையக் கூட வெறுமன தண்ணி ஊத்திக் காய்ச்சிட்டுத்தான சோறு வடிக்கிறோம்?"

பக்கத்து வீட்டு விடலைகள் யாரோ நெருப்பு மூட்டிக் கொடுத்தார்கள். பரசுராமன் படிக்கட்டில் நின்று விசிறி கேட்பதுபோல் பாவனை செய்தான். டிரம் சூடேறிய கொஞ்ச நேரத்தில் ஒரு நாற்றம் கிளம்பியது. கரி நாற்றமில்லை. சாயப்பட்டறையில் மருந்து கொட்டினால் மூக்கை அறுக்குமே, அது. டிரம்மின் உள்பூச்சு கொப்புளித்து உரிந்து, மஞ்சளும் சாம்பலுமாக ஒரு புகை வெளியே வந்தது. காற்று அதை மேலே விடவில்லை. வாரிச் சுருட்டித் தெருவுக்குள் இறக்கியது.

தெருவில் பாவு விரித்திருந்தது. எதிர்வீட்டுத் தறிக்காரி சம்பூர்ணம் நெய்ய எடுத்திருந்த கல்யாணப் புடவைப் பாவு. தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிய பட்டு இழைகள், சந்தன நிறம். அரக்கு நிறமாக இருந்தாலாவது ஓரளவு மறையும். சந்தனத்தில் ஒரு பொட்டு கறுப்பு விழுந்தாலும் புடவை போச்சு.

"எவன்டா அவன் பொணத்த எரிக்கிறது!" என்று கீழே சம்பூர்ணத்தின் குரல் கேட்டது.

அங்கம்மாள் ஒரு குடம் தண்ணீரை டிரம்மில் கவிழ்த்துவிட்டு இறங்கி ஓடினாள். பரசுராமன் அவளுக்கு முன்பே தெருவில் நின்றான். முகத்தில் ரத்தமில்லை. சம்பூர்ணம் அவனைத் திட்டவில்லை. வெள்ளை மல்லுத் துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து, இழைகளை இரண்டு பக்கமும் அதற்குள் பிடித்து, பாவின் ஒரு முனையிலிருந்து மெல்ல இழுத்துக்கொண்டே போனாள். கடைசி முனையில் துணியை விரித்து வெயிலில் பிடித்தாள். அங்கம்மாளும் பார்த்தாள். புரட்டிப் பார்த்தாள். இன்னொரு முறை புரட்டினாள்.

வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"உக்காருக்கா" என்றாள் சம்பூர்ணம். அங்கம்மாள் அதற்கு முன்பே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். "என் பாவு தப்பிச்சுது. அது கெடக்கட்டும். அந்த டப்பாவுல மீனச் சுட்டுத் தின்னிருந்தீங்கன்னா? காலேஜ் புள்ளைங்களுக்குக் குடுத்திருந்தீங்கன்னா?"

அங்கம்மாள் தலை நிமிர்ந்து மொட்டை மாடியைப் பார்த்தாள். சாயத்தை வாழ்நாளெல்லாம் பார்த்தவர்கள், கழுவினால் போய்விடும் என்று நினைத்துவிட்டார்கள். பட்டில் போகாமல் நிற்பதற்காகவே செய்த சாயம், இரும்பிலிருந்து மட்டும் போய்விடுமா?

"எல்லாஞ் சரி. இனிமே எந்த அடுப்பு வாங்கினாலும் மூடி போட்டதா வாங்குங்க. பாவு சுருட்டுற வரைக்கும் பத்த வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டு சம்பூர்ணம் பாவைப் பார்க்கப் போய்விட்டாள்.

மறுநாள் டவுனில் ஒரு கடைக்குப் போனார்கள். முதலில் காட்டியது பெட்டி மாதிரி மடக்குகிற சின்ன அடுப்பு. அங்கம்மாள் கட்டைவிரலால் தகட்டை அழுத்தினாள். உள்ளே போய் டொக்கென்று திரும்பி வந்தது. காலை ஆட்டினாள். நாலு காலும் நாலு திசைக்கு ஆடின. "சாம்பல எப்பிடி எடுக்குறது?" என்று கேட்டாள். கடைக்காரருக்குத் தெரியவில்லை. அடுப்பையே கவிழ்க்க வேண்டுமாம்.

"மேடம், நீங்க கேஸ் மாடல் பாருங்க. கரி இல்ல, சாம்பல் இல்ல" என்று அவர் ஒரு பெரிய பளபளப்பானதைத் திறந்து குமிழைத் திருகினார். குபீரென்று நீலமாக எழுந்தது. பரசுராமன் இரண்டடி பின்னால் போனான். வலது கை சட்டைக்குள் ஒளிந்துகொண்டது. "நல்லாத்தான்கா இருக்குது" என்றான், குரல் மட்டும் முன்னால் வந்து.

"நல்லாத்தான் இருக்குது. மூடியத் தெறக்கிற பிடி வலதுகைப் பக்கம் இருக்குது. வா போலாம்."

வெளியே வந்ததும் பரசுராமன் சொன்னான். "வாணாம்கா. ஜெபகுமாரு அண்ணங்கிட்ட பானிபூரிக்காரருக்கே குடுக்கச் சொல்லிடு."

"சொல்றேன். வெள்ளிக்கெழம சாயங்காலம் சொல்றேன். இன்னிக்கு வேற வேல இருக்குது" என்று அவள் அவனை ஆட்டோவில் ஏற்றி, செவிலிமேடு போகிற வழியில் இருந்த பரமசிவத்தின் வெல்டிங் பட்டறைக்குக் கூட்டிப்போனாள். இரும்பு கேட், கிராதி, தள்ளுவண்டி செய்கிறவர். பேச்சில்தான் கொஞ்சம் மசாலா அதிகம்.

"கிரில்லா? நான் ஜன்னலுக்குத்தாம்மா கிரில்லு போடுவேன். கோழி தப்பிச்சுப் போயிடப் போவுதுன்னு பயமா?"

அங்கம்மாள் சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பை அளவுகோலாகப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் இடுப்பு உயரம். குனியக் கூடாது. நீளமாக இருக்கட்டும், கரி வலது பாதியில் மட்டும், சுடுவது இடது பாதியில். அப்போதுதான் அவன் கை நெருப்புக்கு மேலே போகவே வேண்டாம். மூடி கனமாக இருக்கணும், ஆனால் ஒற்றைக் கையால் தூக்க வரணும். பிடி இடப்பக்கம், மரத்தில். சாம்பலுக்கு அடியில் இழுப்பறை.

"மூச்சு வுட ஓட்ட வாணாமா? கீழ ஒண்ணு, மூடில ஒண்ணு. மூடுற மாதிரி வெச்சுத் தரேன்" என்றார் பரமசிவம். இப்போது அவரும் விளையாட்டை விட்டிருந்தார். "தகரத்துல வெள்ளப் பூச்சு போட்டது வருதே, அது வாணாம். சூடு பட்டா அதுவும் கெட்ட பொக வுடும். வெறும் கறுப்புத் தகடு, கெட்டியா."

"பழைய டிரம்மு..." என்று பரசுராமன் ஆரம்பித்தான்.

"பேசாத" என்றாள் அக்கா.

வியாழக்கிழமை சாயங்காலம் அடுப்பு தயார். பட்டறை வாசலிலேயே எரித்துப் பார்ப்பது என்று ஏற்பாடு. ஜெபகுமாரும் வந்து ஸ்டூல் போட்டு, கண்ணை அகலத் திறந்து உட்கார்ந்திருந்தார், புகை வருகிறதா என்று பார்க்கவே வந்தவர் போல. வெறும் அடுப்பாக ஒரு முறை எரித்து ஆற வைத்தாகிவிட்டது. அதற்குப் பரமசிவம் நெருப்பு மூட்டினார். இரண்டாவது முறை யார் மூட்டுவது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் பரசுராமனைப் பார்த்தார்கள்.

அங்கம்மாள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள். இல்லாவிட்டால் தீப்பெட்டியைப் பிடுங்கிவிடுவாள்.

பரசுராமன் தீப்பெட்டியை எடுத்து வலது கையின் மடங்கிய விரல்களுக்குள் செருகினான். அளவெடுத்துச் செய்ததுபோல் அது அங்கே நின்றது. இடது கையால் குச்சியை உரசினான். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவது, கரிக்கு அடியில் இருந்த தேங்காய் நாரைப் பிடித்தது. கரி வெளுத்துச் சாம்பல் பூத்த பிறகு, ஊற வைத்த கோழித் துண்டுகளை இடது பாதியில் அடுக்கினான். மணம் கிளம்பியது. ஜெபகுமார் கண்ணைக் கசக்கவில்லை, மூக்கைத்தான் தேய்த்தார்.

துண்டுகளைப் புரட்டும்போது ஒன்று நழுவி வலது பாதியில் விழுந்தது. கொழுப்பு உருகிக் கரியில் சொட்டியதும் நெருப்பு ஒரு முழம் எழுந்தது. பரசுராமனின் தோள் பின்னால் போனது. கால் போகவில்லை. இடது கை எட்டிப் பிடியைப் பிடித்து மூடியை இறக்கியது.

எல்லோரும் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேல் ஓட்டையில் கொஞ்சம் புகை வந்தது. பிறகு அதுவும் குறைந்தது. திறந்தான். கரி தணலாக, சாதுவாகக் கிடந்தது.

"அக்கா, மூடுனா அடங்கிடுதுக்கா!"

மறுபடி மூடினான். மறுபடி திறந்தான். சின்னப் பையன் மாதிரி இன்னொரு முறை மூடினான். எட்டு வயதில் அவன் விழுந்த அந்தச் சாயத்தொட்டிக்கு மூடி இல்லை. அங்கம்மாள் முந்தானையை அவிழ்த்தாள். சுற்றியிருந்த இடம் கையில் சிவந்து போயிருந்தது. எத்தனையோ வருஷமாக மார்பில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது மாதிரி இருந்தது அவளுக்கு. கொஞ்சம் அழுதாள். புகை என்று சொல்ல வழியில்லை, புகைதான் இல்லையே.

"போதும்பா, தெறந்து தெறந்து மூடினா கோழி எப்ப வேகும்?" என்றார் ஜெபகுமார். வெந்ததும் ஒரு துண்டைத் தின்றார். எலும்பையும் விடவில்லை. "நாளிக்கு நாலு மணிக்கு வந்துடு. பானிபூரிக்காரருக்கு நான் வேற எடம் பாத்துத் தரேன்."

அடுப்பு ஆறியதும் பரமசிவம் சாக்கட்டி எடுத்துவந்தார். அவர் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியோ அடுப்போ, வாங்குகிறவர் தன் பெயரைச் சாக்கட்டியால் எழுத வேண்டும். அவர் அதன் மேலேயே வெல்டிங் ராடை ஓட்டி அழியாமல் ஆக்கிவிடுவார். "வரிசையா நூறு வண்டி நிக்கிற எடத்துல இது என்னுதுன்னு எவனும் சொல்லக் கூடாது பாரு."

அங்கம்மாள் வழக்கம்போல் கையை நீட்டினாள். சாக்கட்டி அவள் கைக்கு வரவில்லை. பரசுராமன் அதை இடது கையில் வாங்கி, மூடியின் மேல் குனிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தான். ப. ர. சு. எழுத்துகள் போகப் போகப் பெருத்து, கடைசி எழுத்து புகை ஓட்டையைச் சுற்றிக்கொண்டு போய் நின்றது. மொட்டை மாடிச் சுவரில் துடைத்துத் துடைத்து அழித்த கரிக் கோடுகள் எந்த எழுத்துகள் என்று அங்கம்மாளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பரமசிவம் முகமூடியைப் போட்டுக்கொண்டு, "தேதியும் போடுப்பா" என்றார். எண்கள் அவனுக்கு ஏற்கெனவே வரும். போட்டான்.

11.7.2024.