ரெஜினாவை உட்காரவைத்த நாற்காலி

சமாதானம் பேச வந்தவர்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்தவள் நான். அடிஸ் அபாபாவில், விமான நிலையம் போகும் சாலையில் இருக்கும் அந்தப் பெரிய ஓட்டலில் சலவைப் பிரிவு என் பொறுப்பு. தெற்கு சூடான்காரர்கள் இரண்டு கட்சியாக வந்து ஆளுக்கொரு மாடியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்றார்கள். மழைக்காலம் முடிந்து, மஸ்கல் பண்டிகை போய், அடுத்த நோன்புக்காலமும் வந்துவிட்டது. செலவு முழுக்க வெள்ளைக்கார நாடுகளுடையது.

அவர்கள் அறைகளுக்குள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். ஜன்னல் திரையில் குழம்புக் கையைத் துடைத்திருப்பார்கள். மெத்தைக்குள் கோழி எலும்பு கிடக்கும். பாதி குடித்த விஸ்கியில் சிகரெட் துண்டு ஊறிக்கொண்டிருக்கும். அவர்கள் நாட்டு ஜனம் சதுப்பில் இறங்கி அல்லிக்கிழங்கு தோண்டித் தின்பதைத் தொலைக்காட்சியில் காட்டுவார்கள். அதைப் பார்த்துக்கொண்டே, இறைச்சி சரியாக வேகவில்லை என்று தட்டைத் திருப்பி அனுப்புவார்கள்.

ரெஜினா என்னிடம் வேலை பார்த்தாள். தெற்கு சூடானில் மலக்கால் ஊர்க்காரி, ஷில்லுக் இனத்தவள். புருவத்துக்கு மேலே, அந்த இனத்து அடையாளமாக, முத்துக் கோத்ததுபோலத் தழும்பு வரிசை. சூடான் தலைநகர் கார்ட்டூமில் ஒரு வீட்டில் சமையலுக்கு நின்ற காலத்தில் எனக்கு அரபி வந்துவிட்டது. அதனால் எங்களுக்குள் பேச்சு ஓடும். அவள் புருஷன் அட்வொக் நைல் ஆற்றில் மீன் பிடித்தவன். ஜெனரல் கமீல்லோவின் ஆட்கள் ஊருக்குள் நுழைந்த அன்று, தப்பிக்கப் படகுக்காகக் கரையில் நின்ற ஆண்களை உட்காரவைத்துச் சுட்டார்கள். அட்வொக்கும் அவர்களில் ஒருவன். பிறகு ஜெனரல் ஹொசியாவின் ஆட்கள் ஊரை மீட்டார்கள். மீட்ட கையோடு மிச்சமிருந்த வீடுகளைக் கொளுத்தினார்கள். ரெஜினாவின் தங்கை அச்சோல் அங்கேயே ஐ.நா. முகாமில் ஒதுங்கினாள். ரெஜினா நடந்தே எல்லை தாண்டி எங்கள் நாட்டுக்கு வந்தாள்.

அந்த இரண்டு ஜெனரல்களும் இப்போது எங்கள் ஓட்டலில்தான். காலையில் மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்து முறைத்துக்கொள்வார்கள். சாயங்காலம் நீச்சல் குளத்து ஓரம் ஒரே தட்டில் கைவிட்டுச் சாப்பிடுவார்கள். அவர்கள் சட்டைகளுக்கு ரெஜினாதான் இஸ்திரி போட்டாள்.

"உனக்கு எப்படிடி மனசு வருது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"சட்டை என்ன பண்ணுச்சு அக்கா? அது யாரையும் சுடலையே."

ஒருவழியாகக் கையெழுத்து நாள் வந்தது. பெண்கள் தரப்பில் ஆள் இல்லாமல் கையெழுத்து கிடையாது என்று காசு கொடுக்கும் நாடுகள் சொல்லியிருந்தன. யாரை அழைப்பது என்று இரண்டு மாடிகளும் சண்டை போட்டதில் ஒருத்தியும் வந்து சேரவில்லை. பேச்சுவார்த்தை ஏற்பாடுகளைக் கவனித்துக்கொண்டிருந்த டெரஜே வேர்த்து விறுவிறுத்துச் சலவை அறைக்கு ஓடி வந்தான்.

"ஸெனபு அக்கா, உங்ககிட்ட தெற்கு சூடான் பொம்பள யாராச்சும் இருக்காங்களா?"

"துணி துவைக்கிறவ ஒருத்தி இருக்கா."

"போதும், போதும். நாற்காலியில உட்காரணும். கடைசியில ரெண்டு வார்த்தை நன்றி சொல்லணும். அவ்வளவுதான்."

ரெஜினா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "போறேன் அக்கா. அவனுங்க மூஞ்சிக்கு நேரா ஒரு தடவை சொல்லணும்னு எத்தனை நாள் வேண்டியிருப்பேன்."

தோளில் முடிச்சுப் போடும் அவர்கள் ஊர்த் துணியை எங்கிருந்தோ கொண்டுவந்து கட்டிவிட்டார்கள். நான் கூடத்தின் பின்வாசலில் நின்றுகொண்டேன். ஜெனரல்கள் கையெழுத்துப் போட்டார்கள். பேனாவை மாற்றிக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் ரெஜினாவிடம் ஒலிவாங்கியை நீட்டினார்கள்.

"என் புருஷன் பேரு அட்வொக்," என்றாள். "படகுக்குக் காத்துக்கிட்டு நின்னான். கமீல்லோ, உன் ஆளுங்க அவனை உட்காரவச்சு சுட்டாங்க. ஹொசியா, உன் ஆளுங்க என் வீட்டைக் கொளுத்துனாங்க. நன்றி சொல்லச் சொல்லி என்னைக் கூட்டிட்டு வந்தாங்க. எதுக்குன்னு நீங்களே சொல்லுங்க."

மொழிபெயர்ப்பவன் திக்கித் திக்கி ஆங்கிலத்தில் சொல்லி முடித்தான். கமீல்லோ எழுந்தான். மேஜையைச் சுற்றிக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்தபடி வந்தான். கண்ணில் தண்ணீர் வழிந்தது. "தங்கச்சி," என்று அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டான். அவன் மட்டும் பெயர் வாங்குவதா என்று ஹொசியாவும் ஓடிவந்து இன்னொரு பக்கம் கட்டிக்கொண்டான். கேமராக்கள் மின்னின. எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். ஒரு வெள்ளைக்காரத் தூதர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். நடுவில் ரெஜினாவின் கைகள் உலரப்போட்ட துணிபோலத் தொங்கிக்கொண்டிருந்தன.

சலவை அறைக்கு வந்தவள் துணி சோப்புத் தூளை அள்ளிக் கழுத்திலும் முகத்திலும் தேய்த்தாள். தோல் எரியும் என்று கையைப் பிடித்தேன், தள்ளிவிட்டாள்.

"நல்ல சென்ட்டு அக்கா அவன்மேல. நான் இஸ்திரி போட்ட சட்டை. அதுல என் மூஞ்சிய வச்சு அழுத்துறான்." தொட்டியில் குனிந்து வாந்தி எடுத்தாள்.

மறுநாள் அந்தப் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. 'மன்னித்த விதவை' என்று அடியில் போட்டிருந்தார்கள். முகாமிலிருந்து அச்சோல் கூப்பிட்டாள். போனை ரெஜினா காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தாள், எனக்கே கேட்டது.

"மாமாவைக் கொன்னவனைக் கட்டிப்பிடிச்சியா?"

"அவன்தான்டி புடிச்சான்."

"படத்துல அப்படித் தெரியல," என்றாள் தங்கை. அதோடு பேச்சை முறித்துக்கொண்டாள்.

அந்தச் சமாதானம் ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. மறுபடி சுட்டுக்கொண்டார்கள், மறுபடி அதே ஓட்டலுக்கு வந்து சேர்ந்தார்கள், அதே மாடிகள். டெரஜே மறுபடி சலவை அறைக்கு வந்தான்.

"அந்த அம்மா வந்தா நல்லாருக்கும். போன தடவை எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருந்தது."

ரெஜினா தலையைத் தூக்கவில்லை. "உங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போய் உட்காரவை," என்றாள்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அக்கா, உங்களுக்கு அரபி தெரியும்ல? அந்தத் துணியைக் கட்டினா யாருக்குத் தெரியப்போகுது?"

அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

அந்த வாரமே ரெஜினா வேலையை விட்டாள். அச்சோல் எல்லை தாண்டி எங்கள் நாட்டுக் கம்பெல்லா அகதி முகாமுக்கு வந்துவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. பஸ் ஏறிப் போய்த் தங்கை எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாளாம். இரண்டு நாள் அச்சோல் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் கிஸ்ரா சுட்டு, முதல் அடையை அக்கா தட்டில் போட்டாளாம். இப்போது இருவரும் முகாம் சந்தையில் டீ விற்கிறார்கள். படத்தைப் பார்த்த சிலர் இன்னும் அவர்களிடம் டீ வாங்குவதில்லை. ரெஜினா போனில் அதையும் சொன்னாள்.

போன வாரம் கமீல்லோவின் அறைக்கு விரிப்பு மாற்றப் போனேன். செருப்புக் காலோடு கட்டிலில் கிடந்தான்.

"என்னைக் கட்டிக்கிட்டு அழுதாளே, அந்தப் பொண்ணு இங்கதானே இருந்தா? காணோமே?"

"அவ அழலை. போயிட்டா."

"அப்படியா. பாவம், நல்ல பொண்ணு," என்றான். பிறகு திரும்பிப் படுத்துக்கொண்டு, குளியலறைத் துண்டு இன்னும் ரெண்டு வேண்டும் என்றான்.

கொண்டுபோய் வைத்தேன்.